இரண்டு கையாலும்

தபால் ஆபீசில் காலையில் முதல் வேலை, முத்திரையில் தேதியை மாற்றுவது. நேற்றைய தேதிக்கான சின்னஞ்சிறு உலோக எண்களைக் கழற்றி, இன்றைய எண்களைப் பொருத்தி, மையில் ஒற்றி, அதற்கென்று வைத்திருக்கும் நோட்டில் ஒரு குத்து குத்திப் பார்க்க வேண்டும். எழுத்து தெளிவாக விழுந்த பிறகுதான் கவுண்டர் திறக்கும். 35 வருடம் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், 612 என்று பின்கோடு தொடங்கும் ஒரு சின்ன ஊரில்தான் என் சர்வீசில் பாதிக்கு மேல் கழிந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் என்னை நிறுத்திப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பீட் போஸ்ட் சரியாகப் போய்ச் சேர்ந்ததையோ வட்டி சரியாகக் கணக்குப் போட்டதையோ யாரும் சொல்வதில்லை. "அன்னைக்கு எம்பொண்ணு கையில பாஸ்புக்கைக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்பார்கள். எனக்குச் சில நேரம் ஞாபகம் இருக்காது. அவர்களுக்கு இருக்கிறது. என் மகள் இப்போது ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். "நாள் முழுக்கப் பேசுறேன்மா, ஒருத்தர் முகமும் மனசுல நிக்கல, என் முகமும் யாருக்கும் நிக்காது" என்று போன மாதம் சொன்னாள். செய்கிற வேலையிலேயே அடுத்தவர் மனதில் நிற்கும் ஒரு கணத்தை எப்படிக் கொடுக்கலாம் என்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1986. அந்த ஆபீசில் தந்தி வசதியும் இருந்தது. போனில் பக்கத்து ஊரிலிருந்து செய்தியைச் சொல்வார்கள், எழுத்துக் கூட்டிக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பாதித் தந்திகள் சாவுச் செய்தி. சேர்ந்த இரண்டாவது மாதம் அப்படி ஒன்று வந்தது. அந்த நேரத்தில் அந்த வீட்டு அம்மாவே ஸ்டாம்ப் வாங்கக் கவுண்டரில் நிற்கிறார். எனக்குக் கை நடுங்கியது. தாளை அப்படியே ஜன்னல் வழியாக நீட்டப் போனேன். போஸ்ட் மாஸ்டர் பின்னாலிருந்து என் கையைத் தொட்டு நிறுத்தினார். எழுந்து கதவைத் திறந்து வெளியே போனார். அந்த அம்மாவை உள்ளே கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார். அப்புறம்தான், தாளைக் கொடுக்காமல், வாயால் சொன்னார். "உங்க அண்ணன் தவறிட்டாரும்மா." பக்கத்துக் கடைக்காரரை அழைத்து வீடுவரை கூட அனுப்பினார்.

பல வருடம் கழித்து அந்த அம்மா என்னிடம், "எங்கண்ணன் செத்த சேதியை எனக்கு உக்கார வச்சுச் சொன்னாங்க" என்றார். எவ்வளவோ துக்கத்துக்கு நடுவில் அந்த ஒரு விஷயம் அவருக்கு நின்றிருக்கிறது. மறக்க முடியாத தருணம் என்றால் கேக், பலூன், கைதட்டல் என்று நினைக்கிறோம். எனக்கு முதன்முதலில் இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு தம்ளர் தண்ணீர்.

அந்த போஸ்ட் மாஸ்டருக்கு இன்னொரு பழக்கம். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலம் அது. ஆபீசுக்கே வந்து வாங்கும் பாட்டிகளுக்குப் பணத்தை எண்ணி, நோட்டுகளை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டுவார். கோயிலில் பிரசாதம் கொடுப்பது மாதிரி. வாங்குகிறவர்களும் தன்னால் இரண்டு கையையும் நீட்டுவார்கள். "சார், அரசாங்கப் பணம்தானே" என்று ஒருநாள் கேட்டேன். "பணம் அரசாங்கத்தோடது, கை நம்மளோடது" என்றார்.

நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இதுதான். தனியாக நேரம் ஒதுக்கி, பணம் செலவழித்து, யாரையாவது மகிழ்விக்க வேண்டும் என்று திட்டம் போட்டால் வருடத்துக்கு ஒன்று செய்வோம். செய்கிற வேலையிலேயே ஒரு பொருள் நம் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் கணம் ஒன்று இருக்கும். ரசீது, மாத்திரை, சாவி, மார்க் ஷீட், சாப்பாட்டுத் தட்டு, எதுவானாலும் சரி. அந்தக் கடைசிப் பத்து நொடி நம்முடையது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். க்யூவும் நிற்காது. பத்து நொடிக்கு மேல் எடுத்தால் பின்னால் நிற்கிறவருக்கு அது தொந்தரவு, அதையும் மனதில் வைக்க வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரியில் வந்தது. பத்து வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தை பெயரில் கணக்கு. பதினைந்து வருடம் கட்ட வேண்டும், தொடங்கி இருபத்தோரு வருடத்தில் முதிரும். அப்போது வருடத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் கட்ட வேண்டும். 2018இல்தான் 250 ஆகக் குறைத்தார்கள். முதல் சில மாதம் கூட்டம் தாங்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பாஸ்புக் எழுதியிருக்கிறேன். எழுதி, சீல் வைத்து, "அடுத்தது" என்று ஜன்னல் வழியாகத் தள்ளிவிடுவேன்.

ஒருநாள் ஒரு கொத்தனார் வந்தார். மடித்த கைலியில் சிமெண்ட் தெறித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பத்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தார். ஈரப்பிசுக்கோடு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. பாஸ்புக்கை எழுதி முடித்துத் தள்ளப்போன நேரத்தில் அந்தக் குழந்தை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். "இங்க வா பாப்பா" என்று கூப்பிட்டு, அப்பாவைக் கவுண்டர் பலகை அருகில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பாஸ்புக்கை அதன் பக்கம் திருப்பி, பெயரின் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து வாசித்தேன். "இது உன் பேரு. இந்தப் புஸ்தகம் உன்னோடது. அப்பா உனக்காகப் போட்டிருக்காரு" என்று சொல்லி அதன் இரண்டு கையிலும் கொடுத்தேன். குழந்தை அதைத் தலைகீழாகப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டது. நான் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

அன்றிலிருந்து செல்வமகள் பாஸ்புக்கைப் பெற்றோர் கையில் கொடுத்ததில்லை. குழந்தை வந்திருந்தால் குழந்தை கையில்தான். வராவிட்டால், "வீட்டுக்குப் போய் பாப்பா கையில கொடுத்து, பேரை வாசிச்சுக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்புவேன். ஒரு புத்தகத்துக்கு எட்டு நொடி, பத்து நொடி அதிகம். அந்தக் கொத்தனார் மகள் பிறகு தானே வந்து பணத்தைக் கட்டினாள். முதலில் கவுண்டருக்கு மேல் கை மட்டும் தெரியும். அப்புறம் நெற்றி தெரிந்தது. நான் ஓய்வு பெறும்போது முழு முகமும் தெரிந்தது.

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. சாயங்காலம் கணக்கு முடித்ததும் இரண்டு மூன்று வரி எழுதுவேன். பெயரோ கணக்கு எண்ணோ பணமோ எழுத மாட்டேன். அது அவர்களுடைய ரகசியம். "பூக்கடைக்காரர் - மனைவிக்குக் கண் ஆபரேஷன், வெள்ளி." "மாடி வீட்டுப் பையன் - போலீஸ் செலக்‌ஷன், ரன்னிங்." இப்படி எனக்கு மட்டும் புரிகிற மாதிரி. அடுத்த மாதம் ஆர்.டி. கட்ட வரும்போது, "ரன்னிங் என்னாச்சு தம்பி?" என்று கேட்டால் அந்தப் பையன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும். ஞாபகசக்தி அதிகம் என்று ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு. ஞாபகசக்தி எனக்குச் சாதாரணம்தான். எழுதி வைத்தேன், அவ்வளவுதான். அன்றன்றே எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டதெல்லாம் போய்விட்டது.

ஆனால் இந்த நோட்டாலேயே நான் ஒருவரை நோக அடித்தும் இருக்கிறேன். கொடிக்காலிலிருந்து வெற்றிலை எடுத்து விற்கும் ஒரு அம்மா. மகளுக்கு ஆவணியில் வளைகாப்பு என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். நோட்டில் எழுதி வைத்தேன். புரட்டாசியில் வந்தார். க்யூவில் நான்காவதாக நின்றவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னம்மா, வளைகாப்பு எப்படி நடந்துச்சு? எங்களைக் கூப்பிடவே இல்லையே!" என்றேன். அவர் பேசவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். குழந்தை ஏழாம் மாதத்திலேயே தங்கவில்லை.

கவுண்டரை மூடிவிட்டு வெளியே போய் அவரை உள்ளே பெஞ்சுக்குக் கூட்டி வந்தேன். 1986இல் அண்ணனை இழந்த அந்த அம்மா உட்கார்ந்த அதே பெஞ்ச். "தெரியாமக் கேட்டுட்டேம்மா, மன்னிச்சுக்குங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. "எல்லாம் சரியாயிடும்", "அடுத்தது நல்லா பொறக்கும்" என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். க்யூவில் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். நாள் ஒன்று கடந்து போயிருந்தால், அது நல்லபடியாக முடிந்தது என்று நானாக நினைத்துக்கொண்டு கேட்பதில்லை. "வீட்ல எல்லாரும் எப்படிம்மா இருக்காங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். சொல்ல விரும்பினால் சொல்வார்கள். சொல்ல விரும்பாவிட்டால் "இருக்காங்க" என்பதோடு நிறுத்த அவர்களுக்கு வழி இருக்கும். அந்த வெற்றிலைக்கார அம்மா அடுத்த மாதம் வந்தபோது பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தது. அவர் என் வரிசையில்தான் நின்றார். அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதையொட்டி இன்னொன்று. நல்லது செய்யும்போது போட்டோ எடுக்காதீர்கள். எங்கள் ஆபீசில் ஒரு இளைஞர், நல்ல மனசுக்காரர், நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு வீட்டுக்கே போய்ப் பணம் கொடுத்தார். கொடுக்கும்போது செல்போனை நீட்டினார், ஸ்டேட்டஸ் வைக்க. பாட்டி பணத்தை வாங்காமல் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதோடு அந்தக் கணம் போய்விட்டது.

வாங்குகிறவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை யோசிக்கத் தெரிய வேண்டும். எனக்கு இதைப் புரியவைத்தது கடைசித் தந்தி. 2013 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் தந்தி சேவையின் கடைசி நாள். அப்போது அது தபால் துறையிடம் இல்லை, பி.எஸ்.என்.எல். நடத்தியது. அந்த வாரம் நான் சென்னையில் இருந்தேன். தந்தி அலுவலகத்தில் கல்லூரிப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்றார்கள், ஞாபகத்துக்கு ஒரு தந்தி அனுப்ப. நானும் நின்றேன், ஊரிலிருந்த என் அம்மாவுக்கு அனுப்ப. ஆங்கில எழுத்தில், தமிழ் வார்த்தையில், "நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், கவலை வேண்டாம்" என்று எழுதினேன்.

பணம் கட்டும் நேரத்தில்தான் உறைத்தது. அம்மாவுக்கு அப்போது 78 வயது. தந்தி என்றாலே அவருக்கு இரண்டே நினைவுகள், அவருடைய அப்பாவும் என் சித்தப்பாவும். வாசலில் ஒருவர் வந்து "தந்தி" என்று சொன்னால் பிரித்துப் படிக்கும் முன்பே அம்மா கீழே உட்கார்ந்துவிடுவார். சர்ப்ரைஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, வெளியே வந்து போன் போட்டேன். "அம்மா, ரெண்டு நாள்ல உனக்கு ஒரு தந்தி வரும். நல்ல தந்தி. நான்தான் அனுப்பியிருக்கேன். பயப்படாதே." "தந்தியில நல்லது எப்படிடி வரும்?" என்றார். வந்த நாளில் தெருவில் நான்கு வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் போன பிறகு பீரோவில் புடவைகளுக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. என்ன எழுதினேன் என்பதைவிட, முன்கூட்டிப் போன் செய்த அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு நிறைகிறது. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசை நமக்கு. அது எல்லோருக்கும் தாங்காது. வயதானவர்களுக்கு, காத்திருப்பதே பாதி சந்தோஷம்.

எங்கள் தெருவில் ஒரு குருசாமி இருந்தார். பதினெட்டு வருடத்துக்கு மேல் மலைக்குப் போனவர், ஊரில் பாதிப் பேருக்கு மாலை போட்டுவிட்டவர். முழங்கால் போன பிறகு கார்த்திகை பிறந்தால் வாசலில் நாற்காலி போட்டு, இருமுடி கட்டிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லோரும் காலில் விழுந்து ஆசி வாங்கிப் போவார்கள். அவர்கள் போன பிறகு அவரைப் பார்க்கவே முடியாது.

சபரிமலை சன்னிதானத்தில் ஒரு தபால் ஆபீஸ் உண்டு. மண்டல, மகரவிளக்குக் காலத்தில் மட்டும் இயங்கும். அதற்கென்று தனிப் பின்கோடு, 689713. அங்கே குத்தும் முத்திரையில் பதினெட்டாம்படியும் ஐயப்பன் உருவமும் இருக்கும். தபால்காரர்களாகிய எங்களுக்கு அது தெரியும். ஊரில் பலருக்குத் தெரியாது. ஒரு வருடம் மலைக்குப் போகிற பையனிடம் குருசாமி முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்றைக் கொடுத்தேன். விலை ஐம்பது பைசா. "மேலே போய் நீயே ரெண்டு வரி எழுதி அங்கயே போடு. கீழே இறங்கிப் போடாதே" என்று மட்டும் சொன்னேன். அவன் எழுதியது இவ்வளவுதான்: "சாமி சரணம். உங்க பேரைச் சொல்லி ஒரு தேங்காய் உடைச்சேன்."

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரர் திரும்பி வந்து சொன்னார்: "மேடம், சாமி அதைப் படிக்கவே இல்ல. முத்திரையைப் பார்த்தாரு. அப்புறம் மூக்குகிட்ட வச்சு மோந்து பார்த்தாரு. நெய் வாசனை வருதுன்னாரு." அடுத்த நாள் குருசாமியே தடியை ஊன்றிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். பூதக்கண்ணாடி கையில். முத்திரையில் தேதி சரியாகத் தெரியவில்லை, படித்துச் சொல் என்றார். சொன்னேன். கண்ணை மூடிக் கணக்குப் போட்டு, "அன்னைக்கு நான் சாயங்காலம் விளக்கேத்தும்போது அங்க இந்தக் கார்டு இருந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் போகிறவர்களிடம் ஏழெட்டு அட்டை கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. போக முடியாதவர்கள் பட்டியல் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இது எந்த வேலையிலும் உண்டு என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்குத் தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு விஷயம், வெளியே இருப்பவருக்கு அதிசயமாக இருக்கும். பேக்கரிக்காரருக்கு அடுப்பிலிருந்து வரும் முதல் தட்டு. ரயில்வேக்காரருக்கு ஜன்னலோர இருக்கை எந்தப் பக்கம் பாலத்தைப் பார்க்கும் என்பது. நமக்குச் சாதாரணமாகத் தெரிவதில் எது யாருக்குச் சாதாரணம் இல்லை என்று யோசித்தால், கொடுப்பதற்கு ஏதாவது அகப்படும்.

அக்டோபர் 9 உலக அஞ்சல் தினம். அந்த வாரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆபீசைப் பார்க்க வருவார்கள். ஆளுக்கு ஒரு அஞ்சலட்டை கொடுத்து, தங்கள் வீட்டு முகவரியையே எழுதச் சொல்வோம். கண் முன்னால் முத்திரை குத்துவோம். இரண்டு நாளில் அது அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேரும். ஒருமுறை ஒரு பையன் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். "எங்களுக்கு அட்ரஸ் இல்ல மேடம்" என்றான். செங்கல் சூளையில் கொட்டகை. கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பக்கத்து பீட் (தபால் கொடுக்கும் சுற்று) பார்க்கும் தபால்கார அண்ணன் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "ஏன் இல்ல? எழுது, நான் சொல்றேன்" என்றார். பையன் பெயர், அப்பா பெயர், செங்கல் சூளை, ஆலமரம் பஸ் ஸ்டாப் எதிரில், ஊர், ஆறு இலக்கப் பின்கோடு. "இதான் உன் அட்ரஸ். இதைப் போட்டா எந்த ஊர்ல இருந்து எழுதினாலும் எங்கிட்ட வரும். எங்கிட்ட வந்தா உங்கிட்ட வரும்." பையன் பின்கோடை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினான்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அவர் கிராமிய தபால் ஊழியர். அவர்களுக்கு 65 வயதில் ஓய்வு. அவருடைய முறை 2018இல் வந்தது. சந்தன மாலை, பொன்னாடை, கைக்கடிகாரம் என்று வழக்கமானதெல்லாம் ஏற்பாடாயிற்று. அதெல்லாம் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் பேச்சுவாக்கில், "நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் லெட்டர் கொடுத்தேன் மேடம், எம்பேருக்கு ஒண்ணுகூட வந்ததில்ல. எல்.ஐ.சி. நோட்டீஸ்தான்" என்று சிரித்தார். அன்று சாயங்காலம் நோட்டில் அதை எழுதினேன்.

இரண்டு மாதம் இருந்தது. அவர் பீட்டில் இருக்கும் மக்கள் பணம் கட்டவும் எடுக்கவும் என் கவுண்டருக்கு வருகிறவர்கள்தான். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் மெதுவாகச் சொல்லி ஒரு அட்டையைக் கொடுத்தேன். "அண்ணனைப் பத்தி ஒரு வரி, ரெண்டு வரி. எழுதி எங்கிட்டயே கொடுங்க. பெட்டியில போட்டுடாதீங்க." பெட்டியில் விழுந்துவிட்டால் அது தபால். அதை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க எனக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கீழே கைநாட்டு வைத்தார்கள். மொத்தம் 41 அட்டை. செலவு 20 ரூபாய் 50 பைசா.

அதோடு ஆபீஸ் சார்பில் ஒன்று. 300 ரூபாய் கட்டினால் நாம் கொடுக்கும் போட்டோவை வைத்துப் பன்னிரண்டு ஸ்டாம்ப் அச்சடித்துத் தருவார்கள், "மை ஸ்டாம்ப்" என்று பெயர். ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் மதிப்பு, உண்மையாகவே கடிதத்தில் ஒட்டலாம். அண்ணன் சைக்கிளோடு நிற்கும் போட்டோவைக் கொடுத்து அச்சடித்தோம். சாதாரணக் கடிதத்துக்கும் அப்போது ஐந்து ரூபாய்தான். எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தை உறையிலிட்டு, அதில் அவர் முகமே இருக்கும் ஸ்டாம்பை ஒட்டினேன்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை 41 அட்டையையும் அந்த உறையையும் நானே பெட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் முத்திரை குத்திக் கட்டோடு கட்டாக அவர் மேசைக்குப் போனது. நாங்கள் எல்லோரும் வேலை செய்கிற மாதிரி குனிந்துகொண்டோம். அண்ணன் வழக்கம்போல் தெருவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தார். முதல் அட்டையை எடுத்துப் பார்த்தார். வேறு யாருக்கோ என்பது மாதிரி ஒதுக்கி வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் கை நின்றது. ஒதுக்கியதை மறுபடி எடுத்துப் பெயரைப் படித்தார். எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. உறையை எடுத்து ஸ்டாம்பைக் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் 42 தபாலையும் தட்டி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, கட்டுகளுக்குக் கடைசியில் தன் தெருவுக்கான இடத்தில் வைத்தார்.

"படிங்கண்ணே" என்றேன்.

"பட்டுவாடா முடியட்டும் மேடம்" என்றார்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று அவருக்கு நேரமாயிற்று. எல்லா வீட்டிலும் நிறுத்தியிருக்கிறார்கள். மாலை நிகழ்ச்சிக்கு வந்த அவர் மனைவிதான் எங்களிடம் அதைச் சொன்னார். மதியம் மூன்று மணிக்கு வாசலில் சைக்கிள் மணி அடித்திருக்கிறது. வழக்கமாக நேரே உள்ளே வருகிறவர் அன்று வாசல்படியிலேயே நின்று, "தபால்!" என்று கூப்பிட்டிருக்கிறார். மனைவி வெளியே வந்ததும், தோள் பையைத் திறந்து, அந்தக் கட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறார்.